நாற்பதில் மலர்ந்த நடிகை

நாடகமேடையிலே அழவைப்பவருக்கு உள்ள மதிப்புச் சிரிக்கவைப்பவருக்கு இல்லை. சிரிக்கவைப்பவர் ஒரு பெண்ணாயின் கேட்கவே வேண்டுவதில்லை. கதாநாயகியென்பாள் அழகாய் நிற்கவேண்டும், துன்புறவேண்டும், கடைசிக் காட்சியிலே கண்ணீரைத் துடைத்துக்கொள்ளவேண்டும். முகத்தில் மாவைப் பூசிக்கொண்டு வழுக்கி விழுவது வேறு யாரோ ஒருவருடைய தொழில். இவ்வெண்ணம் எம்மவர்க்கு மாத்திரம் உரியதென்று நினைத்துவிடலாகாது. ஹொலிவுட்டிலும் அது நெடுங்காலம் வேரூன்றி நின்றது. அவ்வேரை அசைத்துப் பார்த்த பெண்களுள் முதலில் வைத்து எண்ணத்தக்கவர் அமெரிக்க நடிகை லூசில் போல் அம்மையார். 1933 ஆம் ஆண்டிற் படவுலகிற் காலடி வைத்த அவர் 1986 ஆம் ஆண்டு வரை, ஐம்பத்துமூன்று ஆண்டுகள், கமராவின் முன் நின்றார். அவற்றுள் முதற் பதினெட்டு ஆண்டுகள் அவரை இன்னாரென்று நாடறியாமலே கழிந்தன என்பதுதான் இக்கதையின் சுவை.

நம் நாட்டிற்குத் தொலைக்காட்சி வந்து சேர்ந்தது 1979 ஆம் ஆண்டிலேதான். அதற்கு இருபத்தெட்டு ஆண்டுகளுக்கு முன்னரே அமெரிக்க வீடுகளில் அப்பெட்டியின் முன் குடும்பங் குடும்பமாக அமர்ந்து இவ்வம்மையாரைக் கண்டு சிரித்தவர்கள் கோடிக்கணக்கினர். ஆதலின் எமது வாசகருட் பலருக்கு அவர் பெயர் புதிதாயிருப்பதில் வியப்பில்லை. எமது மாணவருட் சிலர் மாத்திரம், கைத்தொலைபேசியில் எப்படியோ அகப்பட்ட பழைய கறுப்பு வெள்ளைத் துணுக்குகளிலிருந்து, 'சொக்கலேற்றை வாய்க்குள் திணிக்கும் அந்த அம்மா' என்று அவரை அறிந்து வைத்திருக்கின்றனர். அந்தச் சொக்கலேற்றுக் கதைக்குப் பின்னர் வருவோம்.

நியூயோர்க் மாநிலத்தின் மேற்குக் கோடியில் ஜேம்ஸ்டவுன் என்றொரு பட்டினம் உண்டு. அங்கே 1911 ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் 6 ஆந் திகதி லூசில் பிறந்தார். தகப்பனார் தொலைபேசிக் கம்பித் தொழிலாளி. மகளுக்கு மூன்று வயது நிரம்பியிருந்தபோது, 1915 இல், நெருப்புக் காய்ச்சல் கண்டு அவர் இறந்துபோனார். தாயார் அப்பொழுது இரண்டாவது குழந்தையைக் கருவிற் சுமந்துகொண்டிருந்தார். பிள்ளைகள் இருவரும் ஜேம்ஸ்டவுனுக்கு அணித்தான செலரன் என்னும் ஏரிக்கரைக் கிராமத்தில், தாய்வழிப் பாட்டன் வீட்டில் வளர்ந்தனர். பாட்டனார் பிரெட் ஹண்ட் தச்சுப் பட்டறைத் தொழிலாளி; ஏழைகளின் பக்கம் நின்று ஓயாது வாதாடும் இயல்பினர்; பேரப்பிள்ளைகளை நாடகக் கொட்டகைக்கு அழைத்துச் சென்று காட்டியவரும் அவரே. இப்பாட்டனாரை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ளவேண்டும். பிற்காலத்தில் அவர் காரணமாகவே பேர்த்தியின் தலைமேற் பேரிடியொன்று விழவிருந்தது.

பதினைந்து வயதில் லூசில் நியூயோர்க் நகரத்து நாடகப் பள்ளியொன்றிற் சேர்ந்தார். அதே காலத்தில் அங்கு பயின்ற மாணவியருள் ஒருவர், பின்னாளிற் பெரும் புகழ்பெற்ற பெற் டேவிஸ். டேவிஸின் திறமையைக் கண்டு எல்லோரும் வியந்தனர். லூசிலோ அச்சத்தால் வாய் திறவாது ஒடுங்கி நின்றார். இப்பிள்ளைக்கு நடிப்பு வராது, பணத்தை வீணாக்கவேண்டாமென்று பள்ளியார் தாயாருக்கு அறிவித்துவிட்டனர். ஆசிரியத் தொழில் புரியும் எமக்கு இச்செய்தியை எழுதும்போது சற்றுக் கூச்சமாகவே இருக்கின்றது. வகுப்பறையின் பின்வரிசையில் வாய் திறவாதிருக்கும் பிள்ளைகளை நாம் எத்தனை விரைவாகத் தீர்ப்புச்சொல்லி ஒதுக்கிவிடுகிறோம்!

வீட்டிற்குத் திரும்பியவர் மறுபடியும் நகரத்துக்குச் சென்றார். உடை மாதிரிக் காட்டும் தொழில் கிடைத்தது. இடையில் மூட்டுநோய் கண்டு நெடுங்காலம் நடக்கமாட்டாமற் கிடந்தார். எழுந்து நடந்தபின் மீண்டும் நகரம். 1933 இல் ஒரு படத்துக்குக் கூட்டத்தில் நிற்கும் அழகிகள் தேவைப்பட, அவருள் ஒருத்தியாக ஹொலிவுட்டுக்குப் புறப்பட்டார். சில கிழமை வேலையென்று போனவர் வாழ்நாள் முழுதும் அங்கேயே தங்கினார்.

அதன்பின் ஏறக்குறைய இருபது ஆண்டுகாலப் படவாழ்வைச் சுருங்கச் சொல்லிவிடலாம். ஆர்.கே.ஓ. என்ற பெரிய ஸ்டூடியோவிற் சம்பளத்துக்கு நடித்தார். 1937 இல் வெளிவந்த 'ஸ்டேஜ் டோர்' என்னும் படத்தில் கதரின் ஹெப்பேர்ண், ஜிஞ்சர் றொஜர்ஸ் ஆகியோருக்கு அருகே நின்று கவனம் பெற்றார். பின்னர் எம்.ஜி.எம். ஸ்டூடியோ. அங்கேதான் இயற்கையிற் கபிலநிறமான அவர் கூந்தலுக்குச் செந்நிறமூட்டினர். அந்நிறமே பின்னர் அவருடைய அடையாளமாயிற்று. அங்கே வேறொரு நன்மையும் விளைந்தது. ஊமைப்பட உலகின் பெருங் கோமாளியாக விளங்கிய பஸ்ரர் கீற்றன் அக்காலத்திற் பெருமையிழந்து, அதே ஸ்டூடியோவிற் சிரிப்புக் காட்சிகளுக்கு யோசனை கூறும் சிறு வேலையில் இருந்தார். அழகியாக மாத்திரம் பிறர் கண்ட இப்பெண்ணிடம் கோமாளித்தனம் குடிகொண்டிருந்ததை அவர் கண்டுகொண்டார். ஒரு தொப்பியையோ ஏணியையோ எடுத்தாளும்போது அதனை உயிருள்ள எதிரியாகப் பாவிக்கும் வித்தையை அவரிடமிருந்தே லூசில் கற்றார்.

கூபா நாட்டு இளைஞன்

1940 ஆம் ஆண்டில் 'டூ மெனி கேர்ள்ஸ்' என்னும் படத்தில் நடிக்கையில், தெசி ஆர்ணாஸ் என்ற பாடகரை லூசில் சந்தித்தார். தெசி கூபா நாட்டவர். தகப்பனார் சந்தியாகோ நகரின் மேயராயிருந்தவர். 1933 ஆம் ஆண்டுப் புரட்சியில் உடைமையெல்லாம் இழந்து குடும்பம் மயாமிக்கு ஓடிவந்தது. மேளத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு பாடி ஆடிப் புகழ்பெற்ற அந்த இளைஞர் லூசிலுக்கு ஆறு வயது இளையவர். அதே ஆண்டு நவம்பர் 30 ஆந் திகதி இருவரும் மணம் புரிந்தனர். ஆறு மாதங்கூடத் தாங்காதென்று அயலார் ஆரூடங் கூறினர்.

ஆரூடம் பொய்த்ததாயினும், வாழ்வு இனிதாயிருந்ததென்று சொல்வதற்கில்லை. அவர் இசைக்குழுவோடு ஊரூராகச் செல்வார். இவர் ஹொலிவுட்டிற் பகல் முழுதும் படப்பிடிப்பில் நிற்பார். குடியும் பிற பெண்களின் தொடர்பும் தெசியை விட்டபாடில்லை. 1944 இல் லூசில் மணவிலக்குக் கோரி மனுச் செய்து, பின்னர் மனம் மாறினார். கருவுற்ற குழந்தைகளை இழந்த துயரும் சேர்ந்தது. கணவன் ஓரிடத்தில் நிலைத்திருக்க ஒரு வழி பிறவாதா என்று ஏங்கிய அம்மனைவியின் ஏக்கமே, பின்னர் ஒரு பெருந்தொழிலுக்கு வித்தாயிற்று.

1948 இல் சீ.பீ.எஸ். வானொலியில் குடும்ப நகைச்சுவைத் தொடரொன்றில் லூசில் நடிக்கத் தொடங்கினார். அது நன்றாக ஓடியது. அதைத் தொலைக்காட்சிக்கு மாற்றலாமென்று நிறுவனத்தார் அழைத்தபோது, அவர் ஒரேயொரு நிபந்தனை விதித்தார்: கணவனாக நடிப்பவர் தம் சொந்தக் கணவராகவே இருத்தல்வேண்டும். நிறுவனத்தார் தயங்கினர். ஸ்பானிய உச்சரிப்போடு ஆங்கிலம் பேசும் கூபா நாட்டவனைச் செங்கூந்தல் அமெரிக்கப் பெண்ணின் கணவனென்று யார் நம்புவர் என்பது அவர்கள் கேள்வி. பத்து ஆண்டுகளாக உண்மையிலே கணவன் மனைவியாக வாழ்பவர்களைப் பார்த்து இக்கேள்வி! இருவரும் வாதாடவில்லை. 1950 இல் ஒரு சிறு நாடகத்தைத் தயாரித்துக்கொண்டு ஊரூராய்ச் சென்று மேடையேற்றினர். சனங்கள் கைதட்டி வரவேற்றனர். அக்கைதட்டலே விடையாயிற்று.

ஆனால், அடுத்த இடர் காத்திருந்தது. அக்காலத் தொலைக்காட்சியின் இயல்பை இங்கே சற்று விளக்கவேண்டும். நாட்டின் பெரும்பாலான தொலைக்காட்சிப் பெட்டிகள் கிழக்குப் பகுதியில் இருந்தன. ஆதலின் நிகழ்ச்சிகள் நியூயோர்க்கில் நேரடியாக நடிக்கப்பெற்று அப்பொழுதே ஒளிபரப்பாகும். மேற்குப் பகுதிக்கோ, தொலைக்காட்சித் திரையின் முன் ஒரு படக் கமராவை வைத்துப் பிடித்த மங்கலான படச்சுருள்கள் அனுப்பப்படும். இதனைக் கினெஸ்கோப் என்பர். பனிமூட்டத்தினூடே ஆட்கள் நடப்பதுபோல அது தோன்றும். விளம்பரச் செலவை ஏற்ற சிகரட் கம்பனியார், கலிபோர்னியாவில் நடித்துவிட்டு அம்மங்கற் படத்தைக் கிழக்கே அனுப்புவதற்கு இசையவில்லை. எல்லோரும் நியூயோர்க்குக்கு வரவேண்டுமென்றனர். தம்பதிகளோ கலிபோர்னியாவில் உள்ள வீட்டை விட்டு அசைய மறுத்தனர். லூசில் அப்பொழுது கருவுற்றிருந்தார்.

இவ்விழுபறியிற் பிறந்த வழிதான், நிகழ்ச்சியை முதலிலேயே சினிமாப் படச்சுருளிற் பிடிப்பதென்பது. செலவு கூடும். அதற்கு ஈடாகத் தாங்கள் இருவரும் வாரச் சம்பளத்தில் 1000 டொலர் குறைத்துக்கொள்வதாகவும், அதற்குப் பதிலாகப் படச்சுருள்கள் தங்கள் சொந்தக் கம்பனியாகிய 'தெசிலூ'வுக்கே உரியனவாதல் வேண்டுமென்றும் தெசி கேட்டார். நிறுவனத்தார் யோசியாது இசைந்தனர். ஒருமுறை காட்டிவிட்ட நகைச்சுவையை இரண்டாம் முறை யார் பார்க்கப்போகிறார்கள் என்று அன்று எல்லோரும் எண்ணினர். தொலைக்காட்சித் தொழிலின் வரலாற்றில் இவ்வளவு இலேசாகக் கைமாறிய பெருஞ்செல்வம் வேறொன்று இருந்திருக்குமோவென்பது ஐயமே.

லூசிலின் நடிப்பு ஆட்கள் நேரே இருந்து சிரித்தாலன்றிச் சுடர்விடாது. எனவே ஏறக்குறைய 300 பேரை ஸ்டூடியோவுக்குள் அமர்த்தி, அவர்கள் முன் நாடகம்போலத் தொடர்ந்து நடித்து, மூன்று கமராக்கள் ஒரே வேளையிற் படம்பிடிப்பதென்று முடிவாயிற்று. இதற்கு முன்னரும் ஓரிருவர் இம்முறையை முயன்றிருந்தனர்; ஆயினும் ஒரு முழுநாடகத்துக்கு இதனைச் செவ்வனே அமைத்து நிலைநாட்டியவர்கள் இக்குழுவினரே. பெரிய சிக்கல் வெளிச்சத்தில் இருந்தது. சினிமாவில் ஒவ்வொரு காட்சித்துண்டுக்கும் விளக்குகளை மாற்றி அமைப்பர். மூன்று கமராக்கள் ஒருசேர ஓடும்போது அது இயலாது. இதற்குத் தீர்வு கண்டவர் கார்ல் புறொயிண்ட். ஜேர்மனியில் 'மெட்றொபொலிஸ்' என்ற புகழ்பெற்ற ஊமைப்படத்தைப் பிடித்தவர். ஹொலிவுட்டில் ஒஸ்கார் பரிசு பெற்றவர். அத்தகைய மேதை, வாரந்தோறும் வரும் சிரிப்பு நாடகத்துக்கு ஏன் வந்தாரென்று பலர் வியந்தனர். முடியாதென்று பிறர் கைவிட்ட வேலையென்பதே அவருக்குப் போதிய கவர்ச்சியாயிருந்ததுபோலும். விளக்குகளை மேலே தொங்கவிட்டு, நிழல் விழாது எங்கும் ஒரே சீராக ஒளிபரவச் செய்தார். சுவர்களுக்கும் பொருட்களுக்கும் சாம்பல் நிறத்தின் பல சாயல்களைப் பூசுவித்து ஒளியை அடக்கினார். மூன்று படச்சுருள்களையும் பக்கத்திற் பக்கமாக ஓட்டிப் பார்த்து வெட்டித் தொகுப்பதற்கென ஒரு பொறியும் வந்தது. அதனைத் 'தலை பல கொண்ட பூதம்' என்று தொழிலாளர் வேடிக்கையாக அழைத்தனர். பின்னாளில் அமெரிக்க நகைச்சுவைத் தொடர்கள் பலவும் இப்பாதையிலேயே நடந்தன.

மகள் லூசி 1951 ஜூலை 17 ஆந் திகதி பிறந்தாள். மூன்று மாதம் நிரம்புமுன், ஒக்டோபர் 15 ஆந் திகதி, 'ஐ லவ் லூசி' முதன்முறை ஒளிபரப்பாகியது. லூசிலுக்கு அப்பொழுது வயது நாற்பது. ஹொலிவுட்டின் கணக்கில் ஒரு நடிகைக்கு வாயில் அடைபடும் வயது அது.

கதை மிக எளியது. நியூயோர்க்கில் மாடிவீடொன்றில் இசைக்குழுத் தலைவரான கணவனும், எப்படியாவது மேடையேறிவிடவேண்டுமென்று ஏங்கும் மனைவியும் வாழ்கின்றனர். கீழே, வீட்டுச் சொந்தக்காரராகிய முதிய தம்பதிகள். விவியன் வான்ஸ், வில்லியம் பிறோலி ஆகிய இருவரும் அவர்களாக நடித்தனர். மனைவி ஒரு சூழ்ச்சி செய்வாள். அது முற்றிச் சிக்கலாகும். கணவன் கோபத்தில் ஸ்பானிய மொழியிற் பொரிந்து தள்ளுவான். வாரந்தோறும் இதுவே. ஆனால் அச்சூழ்ச்சி முற்றும் வகையிலேதான் கலை இருந்தது. 1952 செப்டெம்பரில் வந்த சொக்கலேற்றுத் தொழிற்சாலைக் காட்சியைப் பாருங்கள். ஓடும் பட்டியில் வரும் சொக்கலேற்றுக்களை ஒவ்வொன்றாகக் கடதாசியிற் சுற்றவேண்டும். ஒன்றேனும் தப்பிப்போனால் வேலை போய்விடும். பட்டி மெல்ல நகர்கிறது. தோழியர் இருவரும் பெருமிதத்தோடு சுற்றுகின்றனர். வேகம் கூடுகிறது. கை எட்டவில்லை. ஒன்றை வாயிற் போடுகிறார். இரண்டைத் தொப்பிக்குள் ஒளிக்கிறார். சட்டைக்குள் அள்ளிப் போடுகிறார். மேற்பார்வையாளர் வந்து, வேலை நன்றென்று மெச்சி, வேகத்தை இன்னும் கூட்டச் சொல்லுகிறார்! இக்காட்சியிற் பேச்சு மிகச் சொற்பம். அக்கண்களில் தோன்றும் திகில் மாத்திரம் உண்மையானது. கோமாளித்தனம் என்று நாம் கருதுவது, உண்மையான அச்சத்தைச் சற்று மிகைப்படுத்திக் காட்டுதலேயென்பது எமது துணிபு. வேலையை இழக்க அஞ்சியவர் எவரும் அக்காட்சியைப் பார்த்துச் சிரிக்காதிருக்க முடியாது.

இவையெல்லாம் அவ்வேளையிற் தோன்றிய குறும்புகளென்று நினைப்பது தவறு. ஜெஸ் ஒப்பன்ஹைமர், மட்லின் பியூ, பொப் கரோல் ஆகிய எழுத்தாளர்கள் ஒவ்வோர் அசைவையும் முன்னரே எழுதிக் கொடுத்தனர். அம்மையார் அவற்றைப் பன்முறை ஒத்திகை பார்ப்பார். ஒத்திகையிற் சிரிப்பென்பதே இராது. பிறரைக் கடிந்துகொள்ளுதலும் உண்டு. தாம் இயல்பிலே வேடிக்கைக்காரியல்லள் என்று அவரே சொல்லிவந்தார்.

பிள்ளை பிறந்த இரவு

1952 இல் லூசில் மறுபடியுங் கருவுற்றார். தொடரை நிறுத்தவேண்டியதுதானென்று எல்லோரும் அஞ்சினர். கதையிலும் லூசி கருவுற்றதாகக் காட்டிவிடலாமென்றார் ஒப்பன்ஹைமர். நிறுவனத்தாரும் விளம்பரக்காரரும் திடுக்கிட்டனர். கணவன் மனைவியரையே தனித்தனிக் கட்டிலிற் படுக்கவைத்துக் காட்டிய காலம் அது. நாற்காலிக்குப் பின்னால் நின்று மறைத்துக்கொள்ளட்டும் என்றுகூட யோசனை எழுந்தது. தெசி நேரே சிகரட் கம்பனித் தலைவருக்குக் கடிதம் எழுதி வாதாடி வென்றார். இறுதியில், ஒரு கத்தோலிக்க குரு, ஒரு புரட்டஸ்தாந்து போதகர், ஒரு யூத மதகுரு ஆகிய மூவரும் கதைப் பிரதிகளைப் பார்வையிட்டு ஆட்சேபமில்லையென்றனர். ஆயினும் 'கர்ப்பம்' என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லை உச்சரிக்க அனுமதி கிடைக்கவில்லை. அந்நிகழ்ச்சியின் தலைப்புக்கே பிரெஞ்சுச் சொல்லொன்றைக் கடன்வாங்க நேர்ந்தது! இதுவே அமெரிக்கத் தொலைக்காட்சியிற் காட்டப்பட்ட முதற் கருப்பமென்று பலர் எழுதுவர், அது சரியன்று. 1948 இலேயே வேறொரு தொடரில் அது காட்டப்பட்டதுண்டு. ஆனால் நாடே உற்றுப் பார்த்தது இதனைத்தான்.

1953 ஜனவரி 19 ஆந் திகதி காலை, முன்னரே குறித்தபடி, வைத்தியசாலையிற் சத்திரசிகிச்சை மூலம் லூசிலுக்கு ஆண்குழந்தை பிறந்தது. அன்றிரவே, முன்னர் பிடித்து வைத்திருந்த படத்தில், கதையில் வரும் லூசிக்கும் ஆண்குழந்தை பிறந்தது. அதைப் பார்த்தவர் தொகை 4 கோடியே 40 இலட்சம் எனக் கணக்கிட்டனர். மறுநாள் ஐசன்ஹோவர் சனாதிபதியாகப் பதவியேற்றார். அவ்வைபவத்தைப் பார்த்தவர் 2 கோடியே 90 இலட்சம்.

அதே ஆண்டு செப்டெம்பரில்தான் முன் சொன்ன பேரிடி வந்தது. கம்யூனிஸ்டுகளைத் தேடி அமெரிக்க காங்கிரஸின் விசாரணைக் குழு நாடெங்கும் வலைவீசிய காலம். பெயர் ஏட்டிலேறியதால் வாழ்விழந்த நடிகரும் எழுத்தாளரும் பலர். 1936 இல் வாக்காளராகப் பதிந்தபோது லூசில் கம்யூனிஸ்ட் கட்சியின் பெயரைக் குறித்திருந்தார் என்ற செய்தி வெளியாகியது. அது உண்மையே. முதிய பாட்டனாரின் மனம் மகிழவேண்டுமென்று குடும்பத்தினர் எல்லோரும் அவ்வாறு பதிந்தோமென்றும், கட்சியில் ஒருநாளும் சேர்ந்ததில்லையென்றும் அவர் சாட்சியஞ் சொன்னார். விசாரணையாளர் ஏற்றுக்கொண்டனர். ஆனால், சனங்கள்? அவ்வாரப் படப்பிடிப்புக்கு வந்திருந்தோர் முன் தெசி சென்று, நடந்ததை எடுத்துரைத்து, இவளிடத்தில் சிவப்பென்று சொல்லத்தக்கது கூந்தலொன்றே, அதுகூட உண்மைச் சிவப்பன்று என்று முடித்தார். கூட்டம் எழுந்து ஆரவாரித்தது. இந்நிகழ்ச்சியைப் பலரும் வேடிக்கையாகவே சொல்வர். அத்தனை புகழ் வாய்க்காதவர்கள் இதே குற்றச்சாட்டில் வேலையின்றித் தெருவில் நின்றனர் என்பதை எண்ணும்போது, எம்மால் முழுமனத்தோடு சிரிக்க இயலவில்லை.

1957 வரை ஆறு பருவங்கள் தொடர் ஓடியது. அவற்றுள் நான்கில் நாட்டிலேயே முதலிடம். படச்சுருள்களை வைத்திருந்த தம்பதிகள் அவற்றைச் சீ.பீ.எஸ். நிறுவனத்துக்கே பல இலட்சம் டொலருக்கு விற்றனர். அப்பணத்தின் பலத்தோடு 1957 இல் அவர்கள் வாங்கியது எதனை? ஒருகாலத்தில் லூசில் கூலிக்கு நடித்த அதே ஆர்.கே.ஓ. ஸ்டூடியோவை! விலை 60 இலட்சம் டொலருக்கு மேல். கேட்பதற்கு இனிய கதைதான். ஆயினும் கணக்கின் மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். விற்ற அப்படங்கள் அதன்பின்னரும் உலகெங்கும் திரும்பத் திரும்பக் காட்டப்பட்டன. அவ்வருவாய் வாங்கியவருக்கே போயிற்று. தம் கையிலிருந்த பொன்னின் முழு எடையை நடித்தவர்களும் அறிந்திருக்கவில்லை.

தொழில் வளர வளரத் தெசியின் குடியும் வளர்ந்தது. 1960 மார்ச் 2 ஆந் திகதி இருவரும் சேர்ந்து நடித்த கடைசி நிகழ்ச்சி படமாகியது. வழமைபோல இறுதியிற் கணவன் மனைவியை முத்தமிட்டான். மறுநாள் லூசில் மணவிலக்குக்கு மனுச் செய்தார். கணவனை வீட்டில் நிறுத்தும் பொருட்டுத் தொடங்கிய தொழில் அது. மணவாழ்வு முறிந்த பின்னரும் தொழில் நின்றது.

மணவிலக்கின் பின் அவர் ஓய்ந்துவிடவில்லை. நியூயோர்க் மேடையில் ஓர் இசைநாடகத்தில் நடித்து உடல் நொந்தார். 1961 இல் காரி மோட்டன் என்னும் நகைச்சுவையாளரை மணந்தார். 1962 இல் தெசியின் பங்குகளை விலைகொடுத்து வாங்கித் தெசிலூவின் தலைவரானார். பெரியதொரு தொலைக்காட்சி ஸ்டூடியோவுக்கு ஒரு பெண் தலைமை வகித்தது அதுவே முதன்முறை. காலையில் கணக்கேடு, மாலையில் கோமாளி வேடம். 'த லூசி ஷோ' என்ற புதிய தொடரில் விவியன் வான்ஸ் மீண்டும் துணைவந்தார். அதில் ஒரு காட்சியில், குளிக்குமறைக்குள் நீர் நிறைந்து இருவரும் மிதக்கவேண்டும். லூசில் உண்மையாகவே மூழ்கத் தொடங்கினார். பார்த்திருந்தோர் நடிப்பென்று சிரித்துக்கொண்டிருக்க, விவியன் அவர் தலைமயிரைப் பற்றி மேலே தூக்கிவிட்டு, மூச்சுத் திரும்பும்வரை அவருடைய வசனத்தையும் தாமே சேர்த்துப் பேசினார். படப்பிடிப்பு நிற்கவில்லை.

தலைவராக அவர் செய்த காரியங்களுள் ஒன்று இன்றும் பேசப்படுகிறது. விண்வெளிக் கப்பலிற் செல்வோரைப் பற்றிய ஒரு புதுமையான தொடரைத் தெசிலூ தயாரித்தது. முதல் மாதிரிப் படத்தை என்.பீ.சீ. நிறுவனம் ஏற்கவில்லை. இரண்டாவது மாதிரிப் படமும் எடுக்கப்பட்டது. செலவு மிகுதியென்று ஸ்டூடியோவின் பணிப்பாளர்கள் எதிர்த்தனர். தலைவர் எதிர்ப்பைத் தள்ளிவிட்டார். 1966 செப்டெம்பர் 8 ஆந் திகதி ஒளிபரப்புத் தொடங்கிய அத்தொடர்தான் 'ஸ்டார் ட்ரெக்'. அதே மாதம் வெளிவந்த 'மிஷன் இம்பொசிபிள்' என்னும் தொடரும் தெசிலூவினுடையதே. மறுவருடம், 1967 இல், கம்பனியை 1 கோடியே 70 இலட்சம் டொலருக்கு விற்றுவிட்டு நடிப்போடு அமைந்தார். இன்னும் சிறிது பொறுத்திருக்கலாமென்று வணிகர் கூறுவர். இரு வேலைகளையும் ஒருசேரச் சுமந்த களைப்பை அவர்கள் கணக்கிற் சேர்ப்பதில்லை.

1968 இலிருந்து 1974 வரை 'ஹியர்ஸ் லூசி'. இதில் அவருடைய சொந்த மக்கள் இருவரும் உடன் நடித்தனர். 1972 இல் பனிச்சறுக்குத் தலத்தில் விபத்துற்றுக் காலெலும்பு முறிந்தது. பிறராயின் விடுமுறை எடுத்திருப்பர். இவர் முறிந்த காலோடு லூசி இருப்பதாகக் கதையையே மாற்றுவித்து நடித்தார். உண்மையைச் சொன்னால், இப்பிற்காலத் தொடர்களில் முன்னைய ஒளி இல்லை. கதைகள் ஒரே வார்ப்பில் வந்தன. தெசியின் நிதானமும் கட்டுக்கோப்பும் இல்லாத குறை தெரிந்தது. குடும்பத்தில் எத்தனை குறையுடையவராயிருந்தாலும், தொழிலில் அம்மனிதரின் கூர்மையை மறுப்பது நேர்மையாகாது.

1985 இல், எழுபத்துநான்கு வயதில், தெருவில் வாழும் வீடற்ற கிழவியாக ஒரு தொலைக்காட்சிப் படத்தில் நடித்தார். வேனிற் கொடுமையிற் கனத்த உடைகளைச் சுமந்து நடித்து உடல்நீர் வற்றி வைத்தியசாலை சென்றார். அடுத்த வருடம் ஏ.பீ.சீ. நிறுவனம் மீண்டும் ஒரு சிரிப்புத் தொடருக்கு அழைத்தது. பழைய எழுத்தாளர்கள் இருவரும் வந்தனர். பழைய துணைநடிகர் கேல் கோடனும் தமது எண்பதாவது வயதில் வந்தார். 'லைஃப் வித் லூசி' என்று பெயரிட்டனர். லூசிலுக்கு வயது எழுபத்தைந்து. ஏணியில் ஏறுகிறார், தொங்குகிறார், நனைகிறார். பார்த்தவர்களுக்குச் சிரிப்பு வரவில்லை. பாட்டி விழுந்துவிடுவாளோ என்ற அச்சமே வந்தது. சிரிப்புக்கும் அச்சத்துக்கும் இடையே அவர் வாழ்நாள் முழுதும் நடந்துவந்த அந்த மெல்லிய கயிறு அறுந்தது. பதின்மூன்று நிகழ்ச்சிகளைப் பிடித்து, எட்டே எட்டைக் காட்டியபின், நவம்பரில் நிறுவனம் தொடரை நிறுத்தியது. அவர் மனம் உடைந்துபோனார். சனங்கள் தம்மை இனி விரும்பவில்லை என்றே எண்ணினார்.

அத்துயரம் ஆறுமுன் மற்றொன்று. 1986 டிசம்பர் 2 ஆந் திகதி தெசி ஆர்ணாஸ் இறந்தார். மணவிலக்குப் பெற்று இருபத்தாறு ஆண்டுகள் சென்றும் இருவரிடையே நட்பு அறாதிருந்தது. ஐந்து நாட்களின் பின், வாஷிங்டனிற் கெனடி கலைமன்றத்தின் உயர்ந்த விருது லூசிலுக்கு வழங்கப்பட்டது. அவ்விழாவுக்கென்று தெசி இறக்குமுன் எழுதி வைத்திருந்த வாசகங்களை நடிகர் றொபர்ட் ஸ்டாக் மேடையில் வாசித்தார். 'ஐ லவ் லூசி' என்பது ஒருபோதும் வெறுந் தலைப்பாக இருந்ததில்லையென்பது அதன் இறுதிக் கருத்து. மாடத்திற் சனாதிபதியின் வரிசையில் அமர்ந்திருந்த லூசில் கண்ணீரை அடக்க முயன்ற முகம் ஒளிப்படத்தில் இருக்கின்றது. அவர் நடித்த அழுகைகளெல்லாம் வாயைப் பெரிதாகத் திறந்து ஊளையிடும் வேடிக்கை அழுகைகள். இதில் உதடு மாத்திரம் நடுங்குகின்றது.

1989 மார்ச்சில் ஒஸ்கார் விழாவிற் பொப் ஹோப்புடன் மேடையேறியபோது சபையோர் எழுந்து நின்று வரவேற்றனர். அடுத்த மாதம் 26 ஆந் திகதி, பெருநாடி வெடித்து, எழுபத்தேழாவது வயதில் அவர் காலமானார்.

அவருடைய அஸ்தி பிற்காலத்தில் ஜேம்ஸ்டவுனுக்கே கொண்டுவரப்பட்டுத் தாய்வழிக் குடும்பத்தினரிடையே வைக்கப்பட்டது. அயலிலுள்ள செலரன் கிராமத்தின் பூங்காவில் 2009 ஆம் ஆண்டு அவருக்கு வெண்கலச் சிலை எடுத்தனர். அதன் முகத்தைப் பார்த்த ஊரார் திடுக்கிட்டனர். 'பயங்கர லூசி' என்றே அதற்குப் பெயராயிற்று. மாற்றவேண்டுமென்று கிளர்ச்சி எழுந்து, 2016 ஆகஸ்ட் 6 ஆந் திகதி, அவருடைய பிறந்தநாளிலே, அழகிய வேறொரு சிலையைத் திறந்துவைத்தனர். ஆனால், பழையதை உருக்கிவிடவில்லை. அதே பூங்காவிற் சற்றுத் தள்ளி நிறுத்தியிருக்கின்றனர். ஊருக்கு வருவோர் இரண்டின் பக்கத்திலும் நின்று படம் பிடித்துக்கொள்கின்றனர்.